இரவில் படகை எங்கே நிறுத்துவார்கள்?

பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி இது. பகலெல்லாம் ஓட்டிவிட்டு, இருட்டியதும் எங்கோ ஓரிடத்தில் படகைக் கட்டிப்போட்டுத் தூங்கி, விடிந்ததும் மறுபடி கிளம்புவார்கள் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கடற்பயணம் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளிலேயே முதன்மையானது இதுதான் என்பது என் கருத்து. இதற்கான விடை சரியாகப் புரிந்துவிட்டால், படகில் இருப்பவர்கள் ஏன் அப்படிச் சமைக்கிறார்கள், ஏன் அப்படித் தூங்குகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

பேச்சு பொதுவாக இருந்தால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து, அட்லாண்டிக்கின் மறுகரையில் கரீபியக் கடலோரம் உள்ள செயின்ட் லூசியா தீவுவரை செல்லும் வழி. 1986இல் இந்தத் துறைமுகத்திலிருந்து அட்லாண்டிக்கைக் கூட்டாகக் கடக்கும் பயணம் ஒன்று தொடங்கப்பட்டபோது, முதல் ஆண்டிலேயே 200க்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. நம் படகின் நீளம் 12 மீட்டர். அதாவது ஒரு பேருந்தின் நீளம். அதில் நான்கு பேர்.

நிறுத்த முடியாத வாகனம்

கடலில் தூரத்தை அளக்கும் அலகு கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகத்துக்கு ஒரு நாட் என்று பெயர். லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல், நம் கணக்கில் 5,000 கிலோமீட்டர். 12 மீட்டர் படகு சராசரியாக ஐந்து முதல் ஆறு நாட் வேகத்தில் செல்லும். மிதிவண்டியை நிதானமாக மிதிப்பவர் இதைவிட விரைவாகப் போய்விடுவார். ஆனால் மிதிவண்டிக்காரர் இரவில் இறங்கிப் படுத்துவிடுகிறார், படகு படுப்பதில்லை. 24 மணி நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் ஒரு நாளில் 130 கடல் மைல் அளவுக்குக் கடந்து, மூன்று வாரத்தில் மறுகரையைத் தொடுகிறது.

ஏன் நிறுத்த முடியாது? நங்கூரம் என்பது கடலடித் தரையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கொக்கி. படகில் இருக்கும் நங்கூரச் சங்கிலி பெரும்பாலும் 100 மீட்டரைத் தாண்டாது. நடு அட்லாண்டிக்கின் ஆழமோ கிலோமீட்டர் கணக்கில். கவ்வுவதற்குத் தரை எட்டாது.

நிறுத்துவதுபோன்ற உத்தி ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்புறமாக இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபுறம் திருப்பி வைத்தால், ஒன்று படகின் முனையை ஒருபுறம் தள்ள மற்றொன்று மறுபுறம் திருப்ப, படகு ஏறக்குறைய ஒரே இடத்தில் தத்தளிக்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இதைக் காற்றுத் தரிப்பு என்று சொல்லலாம். அடிபட்டவருக்கு மருந்திடவும், கிழிந்த பாயைத் தைக்கவும் இது கைகொடுக்கும். ஆனால் அப்போதும் படகு காற்றோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அப்போதும் யாராவது விழித்திருந்தாக வேண்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை வீட்டாரின் தூக்கத்துக்காகக் காத்திருக்காது. அம்மா சற்றுக் கண்ணயரும்போது பாட்டி தொட்டிலருகே அமர்வார். பாட்டி படுத்ததும் அப்பா எழுந்து தூக்கிக்கொண்டு நடப்பார். எல்லோரும் தூங்குகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. பெருங்கடலில் படகு அந்தக் குழந்தையைப் போன்றது.

சாமக் காவல்

இப்படி முறைவைத்து விழித்திருப்பதைக் காவல்முறை என்கிறோம். காவலில் இருப்பவர் படகுக்கு முழுப் பொறுப்பு, மற்றவர்கள் ஓய்வில். நான்கு பேர் உள்ள படகில் இரவைப் பிரிப்பது எளிது: மாலை 6 முதல் 9, 9 முதல் 12, 12 முதல் 3, 3 முதல் காலை 6. ஆளுக்கு 3 மணி நேரம். நம் முன்னோர் இரவை நான்கு சாமமாகப் பிரித்தார்களே, அதே கணக்கு. ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டில் தனியாக உட்கார்ந்து கவனம் சிதறாமல் இருப்பது மிகவும் கடினம் என்பதால், அந்த அளவு பல படகுகளில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் கடற்படையின் பழைய பாய்க்கப்பல்களில் நாளை 4 மணி நேரக் காவல்களாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்தால் நாளுக்கு ஆறு காவல் வரும். மாலுமிகள் இரண்டு அணியாக மாறி மாறி நின்றால், ஆறு இரட்டைப்படை என்பதால் நள்ளிரவுக் காவல் எப்போதும் ஒரே அணியின் தலையில் விழும். இதைத் தவிர்க்க மாலை 4 முதல் 8 வரையிலான காவலை மட்டும் இரண்டாக வெட்டி, ஏழு காவலாக ஆக்கினார்கள். ஏழு ஒற்றைப்படை, ஆகவே நாள்தோறும் முறை தானாக மாறிவிடும். சிறியதொரு கணக்கால் பெரியதொரு மனக்கசப்பை நீக்கிய ஏற்பாடு இது. இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆட்கள் குறையக் குறையப் பாரம் கூடும். இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். படகில் இருவர் மட்டுமே. கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில்வரையிலான முதல் கட்டமே ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது. இருவர் மட்டும் இருக்கும் படகில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குகிறார் என்றுதான் பொருள். ஆகவே ஒரே படகில் இருந்தும், நிதானமாக உட்கார்ந்து பேசும் நேரம் நாளில் கொஞ்சம்தான் கிடைக்கும். தனி ஒருவராகச் செல்பவர் நிலை இன்னும் கடினம். 2012-13இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அபிலாஷ் டோமி. அத்தகையவர்களின் உறக்கம் முழு இரவாக அமையாது. துண்டு துண்டாகத்தான் அமைய முடியும்.

இதுவரை பார்த்தது: ஆழத்தால் நங்கூரமிட முடியாது, ஆகவே படகு நிற்காது, ஆகவே உறக்கம் பங்கிடப்படுகிறது. இனி, விழித்திருப்பவர் அந்த மூன்று மணி நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்போம்.

விழித்திருப்பவரின் வேலை

சுக்கானைக் கையில் பிடித்தபடி மூன்று வாரமும் நிற்பார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் நெடும்பயணத்தில் மனிதர் சுக்கான் பிடிப்பது குறைவு. மின்சாரத்தால் இயங்கும் தானியங்கிச் சுக்கான் ஒன்று உண்டு. மின்சாரமே தேவைப்படாத காற்றுத்தகடு என்ற கருவியும் உண்டு. கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவலைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல, படகின் பின்புறத்தில் மெல்லிய தகடு ஒன்று காற்றுக்கு நேராக நிறுத்தப்பட்டிருக்கும். படகு வழி விலகினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் மோதும், தகடு சாயும். அந்தச் சாய்வு, நீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் நீர் அந்தத் துடுப்பைப் பெரும் விசையோடு ஒருபுறம் தள்ள, அதில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகைப் பழைய வழிக்குக் கொண்டுவரும். காற்று குறிப்புக் காட்டுகிறது, நீர் உழைக்கிறது. ஆனால் காற்றின் திசை மாறினால் படகும் கூடவே மாறிப்போகும் என்பதால், திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காவலரின் தலையாய வேலை பார்ப்பது. 1972இன் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எல்லா நேரத்திலும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. சிறுபடகுக்கும் அதே விதிதான். ஏன் இந்தக் கண்டிப்பு என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், தொடுவானம் ஏறத்தாழ 3 கடல் மைல் தொலைவுதான். எதிரே ஒரு சரக்குக் கப்பல் 18 நாட் வேகத்தில் வருகிறது, நம் படகு 6 நாட் வேகத்தில் செல்கிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று 24 நாட் வேகத்தில் நெருங்குகின்றன. அதாவது 15 நிமிடத்தில் 6 கடல் மைல். கப்பல் உயரமானது, விளக்குகள் தொடுவானத்துக்கு அப்பாலிருந்தும் தெரியும் என்று வைத்துக்கொண்டாலும், கண்ணில் பட்ட பிறகு மிஞ்சும் நேரம் மிகவும் சொற்பம். கப்பல்கள் தம் பெயர், திசை, வேகம் ஆகியவற்றை வானொலி அலையில் தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் என்ற கருவி இப்போது பெரிதும் உதவுகிறது. இருப்பினும் அதை அணைத்து வைத்திருக்கும் கலங்களும், நீரில் மிதக்கும் மரமும் அதில் தெரியா. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து, தொடுவானத்தைச் சுற்றிலும் ஒரு வட்டம் நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் இந்தப் பயணம் நடப்பதால் இரவு பகலைவிட நீளமானது. பயணத்தில் பாதிக்கு மேல் இருட்டில்தான் கழிகிறது. படங்களில் வருவதெல்லாம் பகல்தான் என்பதால் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காற்றும் புயலும்

ஏன் நவம்பர்? அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் முடியும்வரை. அது ஓய்ந்த பிறகு, வடகிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்று நிலைபெறுகிறது. நிலநடுக்கோட்டருகே சூடான காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேரே தெற்கே வராமல் மேற்குநோக்கி வளைகிறது. வியாபாரக் காற்று என்பது அவ்வளவுதான். 1492 செப்டம்பரில் கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே சென்றதும் இந்தக் காற்றில்தான். வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு என்று பழைய மாலுமிகள் சொல்லிவந்தது, இந்தக் காற்று கிடைக்கும் வெப்பமான பகுதிவரை இறங்கிவிட்டுத் திரும்பு என்பதைத்தான்.

ஆக, காலமும் வழியும் சரியாகத் தேர்ந்த பயணத்தில் பெரும்புயல் அன்றாட நிகழ்ச்சி அன்று. சாய்ந்தால் கவிழ்ந்துவிடாதா என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: ஒற்றை உடல் கொண்ட படகின் அடியில் ஈயம் அல்லது இரும்பாலான, மீன் துடுப்பு வடிவிலான கனமான பகுதி ஒன்று தொங்குகிறது. அடிப்பகுதி உருண்டு கனமாக இருக்கும் தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்துவிட்டால் நிமிர்வதுபோல, அந்தக் கனம் படகை நிமிர்த்துகிறது. (கட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகுகளும் இந்த வழியில் நிறையச் செல்கின்றன, பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, அமைப்பு முற்றிலும் வேறு. அவை அகலத்தால் நிலைபெறுகின்றன.)

அன்றாடம் அஞ்ச வேண்டியது ஸ்குவால் எனப்படும் சிறு காற்றுமழையை. ஒரே ஒரு கருமேகம் பின்னாலிருந்து நெருங்கும். 18 நாட் காற்று சில நிமிடங்களில் 30 நாட்டைத் தாண்டும். கால் மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பின்காற்றில் மிதிவண்டி ஓட்டும்போது காற்றே இல்லாததுபோல் தோன்றும். படகிலும் அப்படித்தான்: 18 நாட் காற்று முதுகில் வீச, படகு 6 நாட் வேகத்தில் அதே திசையில் ஓடினால், நம் உடலில் படுவது 12 நாட் மட்டுமே. காற்று வலுப்பதை உணர்வதற்குள் பாய் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே விவேகமுள்ள தலைவர்கள் பொழுது சாயும்போதே பாயைச் சுருக்கிவிடுகிறார்கள். அதாவது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டி, காற்றுப் படும் பரப்பைக் குறைக்கிறார்கள். அரை நாட் வேகம் குறையும். நள்ளிரவில் தூங்குகிறவர்களை எழுப்பி, மழையில் நனைந்தபடி பாயோடு போராட வேண்டியிருக்காது. சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது கடலோடிகள் எல்லோரும் சொல்லும் பாடம்.

அடுப்பு, தண்ணீர், படுக்கை

பின்காற்றில் படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கும். சில நொடிக்கு ஒருமுறை தரை சாயும், மறுபடி மறுபுறம் சாயும். மூன்று வாரமும் இது ஓயாது. முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் தலைச்சுற்றலும் அனுபவசாலிகளையும் விடுவதில்லை. உடல் பழகிய பிறகுதான் பசி திரும்புகிறது.

அடுப்பைச் சற்று அருகே சென்று பார்ப்போம். அது சுவரோடு பொருத்தப்படவில்லை. இருபுறமும் இரண்டு முளைகளில் தொட்டில்போலத் தொங்குகிறது. படகு சாயும்போது அடுப்பு ஆடி, மேற்பரப்பு எப்போதும் மட்டமாகவே இருக்கும். பார்ப்பவருக்கு அடுப்புதான் ஆடுவதாகத் தோன்றும். உண்மையில் ஆடுவது அடுப்பைத் தவிர மற்ற எல்லாமும்தான். மேலே பாத்திரம் நழுவாமல் கம்பித் தடுப்பு. சமைப்பவர் இடுப்பில் ஒரு பட்டை, அதன் இருமுனையும் மேடையில் மாட்டப்பட்டிருக்கும். இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டுமே. அந்த அடுப்பின்மேல் பெரும்பாலும் இருப்பது நம் வீட்டில் இருக்கும் அதே பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் உருண்டாலும் கொதிநீர் மேலே கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். சோறு வடிக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீரைக் கலப்பவர்கள் உண்டு. உப்பும் போட்டதாகிறது, நன்னீரும் மிஞ்சுகிறது.

நன்னீர்க் கணக்கு கண்டிப்பானது. தொட்டியில் 400 லிட்டர் என்றால், நால்வருக்கு 21 நாளில் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர்கூட வராது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு. குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாம் அதற்குள். பாத்திரம் கழுவுவது கடல்நீரில், குளிப்பதும் கடல்நீரில், இறுதியில் ஒரு குவளை நன்னீர். கடல்நீரை நன்னீராக்கும் கருவி உள்ள படகுகளில் இந்த நெருக்கடி இல்லை. ஆனால் கருவி பழுதானாலும் கரை சேரத்தக்க நீர் தொட்டியில் இருக்க வேண்டும் என்பதால், கணக்கு எப்போதும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், பூசணி ஆகியவை குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டியை மட்டும் படகில் ஏற்ற மாட்டார்கள், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும்.

படுக்கையின் திறந்த பக்கத்தில் கெட்டித் துணியால் ஒரு தடுப்பு கட்டப்பட்டிருக்கும், உருண்டு விழாமல் இருக்க. ஓய்வில் இருப்பவர் பகலிலும் அதற்குள் படுத்துக் கண்மூடுவது கடமை. சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை. தூங்காதவர் அடுத்த காவலில் தவறு செய்வார்.

தேய்மானம்

புயலைவிட அதிகமான படகுகளுக்குத் தொல்லை தருவது தேய்மானம். ஒரு கயிறு ஒரு கப்பியில் அரை அங்குலம் உரசுகிறது. படகு உருளும்போதெல்லாம் உரசுகிறது. நிற்காத படகில் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை உரசுகிறது. கரையோரம் வாரம் ஒருமுறை சில மணி நேரம் ஓட்டும் படகில் ஓராண்டில் வரும் தேய்வு இங்கே பத்து நாளில் வந்துவிடும். ஆகவே தினமும் காலையில் ஒருவர் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்புறம்வரை நடந்து, ஒவ்வொரு கயிற்றையும் கையால் தடவிப் பார்ப்பார். இரவில் வந்து விழுந்த பறக்கும் மீன்களைப் பொறுக்குவதும் அந்த நடையில்தான். அவர் உண்மையில் தேடுவது ஒரு சிறு ஆணியை. தளத்தில் ஆணியோ திருகோ கிடந்தால், அது மேலே பாய்மரத்தில் எங்கிருந்தோ கழன்று விழுந்தது என்று பொருள். எங்கிருந்து என்று கண்டுபிடிக்கும்வரை நிம்மதி இருக்காது.

தவறி விழுந்தால்

6 நாட் வேகம் என்பது நிமிடத்துக்கு 185 மீட்டர். இரவில் தனியே காவலில் இருப்பவர் தவறி நீரில் விழுந்தால், தானியங்கிச் சுக்கான் படகைச் செவ்வனே ஓட்டிக்கொண்டு போய்விடும். அடுத்த காவலர் விழிக்கும்போது படகு பல கடல் மைல் தாண்டியிருக்கும். உடனே பார்த்தாலும், 3 மீட்டர் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். மார்புப் பட்டையும், படகோடு பிணைக்கும் வாரும் இதற்காகத்தான். இருட்டியபின் வாரை மாட்டாமல் வெளியே வரக் கூடாது. வேறொருவரை எழுப்பாமல் அணியத்துக்குப் போகக் கூடாது. இந்த இரண்டிலும் எந்தப் படகிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மீட்பு என்பதும் நாம் நினைப்பதுபோல் விரைந்து வராது. 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் படகு புயலில் பாய்மரம் முறிந்து, அவருக்கு முதுகில் பலத்த அடிபட்டது. அவர் இருக்கும் இடம் தெரிந்திருந்தும், ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கலம் அவரை அடைந்தது 24ஆம் தேதி.

கரை தெரியும்போது

மேற்கே செல்லச் செல்லப் பொழுது பிந்தி விடிகிறது. லாஸ் பால்மாஸ் கடிகாரத்துக்கும் செயின்ட் லூசியா கடிகாரத்துக்கும் 4 மணி நேர வேறுபாடு. ஆகவே வழியில் நான்குமுறை கடிகாரத்தைப் பின்தள்ளி, காவல்முறையையும் அதற்கேற்ப நகர்த்துகிறார்கள்.

இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ இரவில் தீவின் விளக்குகள் தெரியக்கூடும். அப்போதுதான் மிகுந்த பொறுமை தேவை. மூன்று வாரம் மோத எதுவுமில்லாத கடலில் வந்தவர்களுக்கு, இப்போது பாறையும் மேடும் மீனவர் வலையும் முன்னே இருக்கின்றன. களைப்பும் உச்சத்தில் இருக்கிறது. அறியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழைவதைவிட, கரையிலிருந்து சில கடல் மைல் விலகிக் காற்றுத் தரிப்பில் விடியும்வரை காத்திருப்பதே நல்லது. செயின்ட் லூசியாவின் வடமேற்கு முனையில் உள்ள பிஜன் தீவைச் சுற்றி ராட்னி விரிகுடாவுக்குள் திரும்பியதும் அலை அடங்கிவிடும், அடுப்பு ஆடாமல் நிற்கும். முன்னால் ஒருவர் சென்று நங்கூரத்தை இறக்குவார். சங்கிலி தடதடவென்று ஓடி, சில மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். அன்றிரவு நால்வரும் ஒரே நேரத்தில் படுக்கிறார்கள். நள்ளிரவு 12 மணிக் காவல் முறைக்காரர் மட்டும், யாரும் எழுப்பாமலே, நேரத்துக்கு விழித்து எழுந்து உட்கார்ந்திருப்பார்.